யித்திஷ் நாடகத்தை ஆய்வுக்கு எடுக்கலாமா?

வாசகர் கேள்வி: ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். யித்திஷ் இலக்கிய வரலாறுகளில் சிறுகதைக்கும் நாவலுக்கும் கிடைக்கும் இடம் நாடகத்துக்குக் கிடைப்பதில்லை. நாடகம் அங்கே உண்மையிலேயே இரண்டாம் நிலை வகைமைதானா? எந்தப் பனுவலிலிருந்து தொடங்குவது? யித்திஷ் தெரியாத நான் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதலாமா?

பதில்: தயங்காமல் எடுக்கலாம். நாடகத்துக்குப் பக்கங்கள் குறைந்ததற்குக் காரணம் அதன் தரமன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷின் இலக்கியத்தில் மூன்று முன்னோடிகளாகப் போற்றப்படும் மெந்தெலே, ஷோலெம் அலைக்கெம், பெரெட்ஸ் ஆகியோர் முதன்மையாக உரைநடையாளர்கள். அவர்களை நடுவில் வைத்து எழுதப்பட்ட வரலாறுகள் கதையையும் நாவலையுமே பெரிதாகப் பேசின. நாடகங்களோ பல வேளைகளில் அச்சேறாமல், குழுக்களிடமும் நடிகர்களிடமும் கையெழுத்துப் படிகளாகவே சுற்றி வந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பதிப்புரிமைக்காகப் பதிவுசெய்யப்பட்ட யித்திஷ் நாடகங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நூலாக வெளிவந்ததே இல்லை.

மொழியின் வரலாறு என்று பார்த்தால், நாடகத்தின் இடம் மிகப் பெரியது என்பதே என் உறுதியான கருத்து. யித்திஷ் ஜெர்மானிய அடித்தளம் கொண்ட மொழி; எபிரேய எழுத்தில் எழுதப்படுவது; எபிரேய, அரமேயச் சொற்களும் ஸ்லாவியச் சொற்களும் அதில் ஆழக் கலந்துள்ளன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசிய அம்மொழியை, யூதச் சமூகத்தின் படித்தவர்களே நெடுங்காலம் கொச்சை என்று ஒதுக்கினார்கள். கதையாசிரியர் தன் நடைக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டு போய்விடலாம். நாடகாசிரியருக்கு அந்த வசதி இல்லை. பணக்காரர், வேலைக்காரி, மருத்துவ மாணவர், தரகர் என ஒவ்வொருவரும் வாய் திறந்தாக வேண்டும். யார் எந்த யித்திஷைப் பேசுவது என்பதை ஆசிரியர் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும்.

இதற்கு நல்ல சான்று ‘செர்கெலே’ என்னும் நாடகம். விவிலியத்தின் எஸ்தர் கதையை வீடு வீடாகச் சென்று நடித்துக் காட்டும், யூதர்களின் புரிம் பண்டிகை நாடகங்கள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றின் கைப்பிரதி ஒன்று 1697-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் ஒரு தனி ஆசிரியரின் கூர்மையான சமூக நகைச்சுவையாக முன்னிற்பது, போலந்தின் ஸமோஷ்ச் நகரில் மருத்துவராக இருந்த ஷ்லோய்மே எட்டிங்கர் எழுதிய இந்நாடகம்தான். லெம்பெர்க் நகரில், இறந்துவிட்டதாகக் கருதப்படும் அண்ணனின் சொத்தைப் பொய் உயிலால் கைப்பற்றி, அவர் மகளை வாட்டி வதைக்கும் செர்கெலே, அகப்பட்டுக்கொள்ளும் தருணங்களில் எல்லாம் “ஐயோ, என் உடம்பில் தெம்பே இல்லையே!” என்று சோர்ந்து விழுவாள். அவளுடைய பேச்சு வட்டார வாசனையும் வசையும் துடிப்பும் நிறைந்தது. ஆசிரியர் தம் சீர்திருத்தக் கொள்கைக்குச் சார்பாக நிறுத்தும் நல்லவர்களோ ஜெர்மன் சாயல் ஏறிய திருத்தமான மொழியில் பேசுகிறார்கள். பண்பட்டவர் ஜெர்மனுக்கு நெருங்கிப் பேச வேண்டும் என்பது, யூதர்களை நவீனக் கல்விக்குக் கொண்டுவர முயன்ற அன்றைய யூத அறிவொளி இயக்கத்தாரின் எண்ணம். ஆனால் மேடையில் உயிரோடு நிற்பவள் செர்கெலேதான். கொள்கை ஒரு பக்கமும் கலை மறுபக்கமும் இழுப்பதை இந்நாடகத்தின் எந்தக் காட்சியிலும் காணலாம். தணிக்கையின் காரணமாக இது ஆசிரியரின் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் மறைந்த பின் 1861-இல்தான் நூலானது. அடுத்த ஆண்டே ஷித்தோமிர் நகரில் ரபிகளுக்கான (யூத சமய குருமார்களுக்கான) பயிற்சிக் கல்லூரியில் மாணவர்கள் இதை நடித்தபோது, செர்கெலே வேடமேற்றவர் ஆவ்ரோம் கோல்ட்ஃபாடன் என்னும் இளைஞர்.

அந்த கோல்ட்ஃபாடன்தான் 1876-இல் ருமேனியாவின் யாஷி நகரில், மது விற்கும் தோட்டம் ஒன்றில் பாடிக்கொண்டிருந்த பாடகர்களைச் சேர்த்து முதல் தொழில்முறை யித்திஷ் நாடகக் குழுவை உருவாக்கினார். 1883-இல் ரஷ்யப் பேரரசு யித்திஷ் நாடகத்துக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே தொடங்கியிருந்த குடிபெயர்வோடு நடிகர்களும் சேர்ந்துகொள்ள, லண்டனிலும் நியூயார்க்கிலும் அரங்குகள் பெருகின. அங்கே மேடையில் ஆட்சி செய்தது, உயர்வாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் போலியாக ஜெர்மன் பூசிய ஒரு மொழி. அரசர்களும் வீரர்களும் அதிலேயே முழங்கினார்கள். 1891-இல் அரங்கத்துக்குள் வந்த நாடகாசிரியர் ஜேக்கப் கோர்டின், நடிகர்கள் மனம்போன போக்கில் வசனம் சேர்ப்பதை எதிர்த்து, எழுதியதை எழுதியபடி பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். பனுவலுக்கு மரியாதை தேடித் தந்தவர் அவரே. அவருடைய உரையாடலிலும் ஜெர்மன் பூச்சு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1908-இல் செர்னோவிட்ஸ் நகரில் கூடிய மாநாடு யித்திஷை யூத மக்களின் தேசிய மொழிகளுள் ஒன்றாக அறிவித்தது. அதற்கு அழைப்பு விடுத்தவர்களில் கோர்டினும், இன்னொரு நாடகாசிரியரான டேவிட் பின்ஸ்கியும் இருந்தார்கள். இதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அதே ஆண்டில் பெரெட்ஸ் ஹிர்ஷ்பைன் ஒடெஸாவில் இலக்கிய நாடகங்களுக்கென்றே குழு அமைத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் உருவான வில்னா குழு, பேச்சு மொழியின் தூய்மையையும் கூட்டு நடிப்பையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. மாஸ்கோவில் ஸாலமன் மிக்கோயெல்ஸ் நடித்த அரசு யித்திஷ் அரங்கு, உலகின் தலைசிறந்த அரங்குகளுடன் ஒப்பிடப்பட்டது. 1948-இல் அவர் ஸ்டாலின் ஆட்சியால் கொல்லப்பட்டார், மறு ஆண்டு அரங்கும் மூடப்பட்டது. போலந்தில் இந்நாடகங்களைப் பார்த்துவந்த மக்களையே நாஜிகள் அழித்துவிட்டார்கள். நாம் படிக்கும் பனுவல்களுக்கு இயல்பான பார்வையாளர் இன்று மிகச் சிலரே என்பதை ஆய்வாளர் ஒருபோதும் மறக்கலாகாது.

எதில் தொடங்குவது? பலரும் அன்ஸ்கியின் ‘திபுக்’ நாடகத்தையே சொல்வார்கள். 1912 முதல் 1914 வரை இன்றைய உக்ரைனில் உள்ள வொலினியா, பொடோலியா பகுதிகளின் ஊர்களில் அவர் நடத்திய நாட்டார் வழக்காற்றுப் பயணத்தின் செல்வம் முழுவதும் அதில் உண்டு; இறந்த காதலனின் ஆவி மணப்பெண்ணின் வாயால் பேசும் காட்சி எவரையும் உலுக்கும். அன்ஸ்கி மறைந்த முப்பதாம் நாள் துக்கம் நிறைவுற்றபோது, 1920 டிசம்பரில் வார்சாவில் வில்னா குழு அதை அரங்கேற்றியது. ஆனால் ரஷ்யப் படி, யித்திஷ் படி, கவிஞர் பியாலிக்கின் எபிரேய மொழிபெயர்ப்பு என அதன் பாட வரலாறு சிக்கலானது. ஆய்வுகளும் குவிந்து கிடக்கின்றன. அதைக் கட்டாயம் படியுங்கள்; தலைப்பாக மட்டும் எடுக்க வேண்டாம்.

‘செர்கெலே’யையும், கோர்டினின் 1898-ஆம் ஆண்டு நாடகமான ‘மிரெலே எஃப்ரோஸ்’ஸையும் எதிரெதிரே வைத்துப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். மிரெலே, கடனில் மூழ்கி இறந்த கணவனின் வணிகத்தைத் தூக்கி நிறுத்திய க்ரோட்னோ நகரத்துக் கைம்பெண். அந்தக் கடன் கதையைப் பிள்ளைகளிடம்கூட மறைத்து, தந்தையின் பெயரைக் காப்பவள். மூத்த மருமகள் ஷெய்ன்டெலே வீட்டின் அதிகாரத்தைக் கைப்பற்றியதும் மிரெலே வெளியேறுகிறாள்; பேரனின் பதின்மூன்றாம் வயதுச் சடங்குதான் அவளைத் திரும்ப அழைத்துவருகிறது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசனுடைய கதையைப் பெண்ணாக்கி எழுதப்பட்டது இது. வீட்டை ஆளும் பெண்ணை ஒரு காலத்தில் கேலிக்கு உரியவளாகக் காட்டிய அரங்கு, பின்னர் அவளையே அரசியாக்கியது எப்படி என்ற கேள்விக்குள் சொத்துரிமை, தாய்மை, மொழிநடை, குடிபெயர்ந்து வந்த பார்வையாளரின் ஏக்கம் அனைத்தும் அடங்கும். குடும்ப நாடகம் செழித்த எந்த மொழியோடும் இதை ஒப்பிட முடியும்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா என்றால், கதைப்போக்கைப் பேசப் போதும். மொழியைப் பேசப் போதாது. செர்கெலேயின் வட்டார வழக்கும் நல்லவர்களின் ஜெர்மன் சாயலும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகின்றன. ‘திபுக்’கில் ரபியின் வாய்ச்சொல்லில் எபிரேயம் தடித்து வரும் இடங்களும் அப்படியே மங்கிப் போகும். முழுப் புலமை உடனே தேவையில்லை. யித்திஷ் எழுத்து முறையில் உயிர் ஒலிகளும் எழுதப்படுவதால் எழுத்துகளைக் கற்பது கடினமன்று. ஒரு காட்சியையாவது மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு முயலுங்கள். மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் உள்ள யித்திஷ் நூல் மையம் பல்லாயிரம் நூல்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 1925-இல் வில்னாவில் தொடங்கி இப்போது நியூயார்க்கில் இயங்கும் யிவோ ஆய்வு நிறுவனத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில் நாடகக் கட்டுரைகள் தரமானவை. ‘மிரெலே எஃப்ரோஸ்’ 1939-இல் திரைப்படமாகவும் வந்திருக்கிறது. அதைக் கேட்கும்போது, மேடை உச்சரிப்பு வொலினிய வட்டார வழக்கைத் தழுவியது என்பதையும் இன்றைய பாடநூல் உச்சரிப்பிலிருந்து வேறுபடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு செய்தியைக் கவனியுங்கள். சோவியத் நாட்டுப் பதிப்புகள் எபிரேய வேர்ச்சொற்களையும் ஒலிப்புப்படியே எழுதின. பிற நாட்டுப் பதிப்புகளில் அச்சொற்கள் எபிரேய எழுத்துக்கூட்டிலேயே இருக்கும். உங்களுக்கு ஏற்றவை இரண்டாம் வகைப் பதிப்புகள்தாம்; யார் பேச்சில் புனித மொழியான எபிரேயத்தின் சொற்கள் எவ்வளவு ஏறி நிற்கின்றன என்பதை, பொருள் முழுவதும் விளங்குவதற்கு முன்பே, எழுத்துக்கூட்டைக் கொண்டு நீங்களே அடையாளம் கண்டு குறித்துவிடலாம்.