80 வயதில் இழந்தது எத்தனை ஆண்டு?

கேள்வி: சராசரி ஆயுள் 72 என்றால், பெருந்தொற்றில் 80 வயதில் இறந்தவர் ஓராண்டைக்கூட இழக்கவில்லை என்றுதானே கணக்கு வரும்?

பதில்: வராது. 72 என்பது பிறந்த குழந்தைக்கான எண். இளவயதில் இறப்பவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. 80-ஐத் தொட்டவர் அந்த ஆபத்துகளைத் தாண்டிவிட்டவர். ஒவ்வொரு வயதினரும் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணையில் 80 வயதுக்கு நேரே உள்ள ‘எஞ்சிய ஆயுள்’தான் அவருக்குரிய எண். எந்த வயதிலும் அது பூஜ்யமாவதில்லை.

மொத்தம் இழந்த ஆண்டுகளைக் காண, வயதுவாரியாக இறப்புகளைப் பிரித்து, எஞ்சிய ஆயுளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, எஞ்சிய ஆயுள் 40 வயதில் 40, 65-ல் 18, 80-ல் 8 என்று வைப்போம். இறந்தவர்கள் முறையே 10, 50, 100 பேர். 400 + 900 + 800 = 2,100 ஆண்டுகள்; தலைக்கு ஏறத்தாழ 13. உங்கள் முறையில் 72-லிருந்து கழித்தால் 670-தான் தேறும். மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது!

இறப்புகள் வயதுப் பிரிவுகளாகக் கிடைத்தால், 60–64 போன்ற பிரிவுக்கு நடுவயதான 62.5-ஐ எடுங்கள். ‘85-க்கு மேல்’ என்ற கடைசிப் பிரிவில்தான் பலர் சறுக்குவார்கள். அங்கே 85-க்குரிய எண்ணைப் போட்டால் தொகை வீங்கும்; அப்பிரிவில் இறந்தவர்களின் சராசரி வயதைத் தேடிப் போடுங்கள். நாடுகளை ஒப்பிடுவதானால் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. இல்லாவிட்டால், ஆயுள் குறைந்த நாட்டில் போன உயிர் மலிவாகத் தெரியும்.

கேள்வி: இறந்தவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய், இதய நோய் இருந்தனவே? அதைக் கழிக்க வேண்டாமா?

பதில்: கொஞ்சம் கழிக்கலாம். ஆனால் ஆயுள் அட்டவணை நோயற்றவர்களுக்காகப் போட்டதல்ல. நாட்டு மக்களின் அட்டவணையில் அதே வயதுச் சர்க்கரை நோயாளிகளும் அடக்கம். இணைநோய்க்காக மொத்தமாகக் கழித்தால் ஒரே குறையை இரண்டு முறை கழித்ததாகும். அவ்வயதினரின் சராசரியைவிட நோய்ச்சுமை எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு மட்டும் குறையுங்கள்.

கேள்வி: எந்த இறப்பு எண்ணிக்கையை நம்புவது?

பதில்: 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் இறப்புகளாக உலகெங்கும் பதிவானவை சுமார் 54 லட்சம். வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த இறப்புகள் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பதிவு பலவீனமான இடங்களில் இந்தக் கூடுதல் இறப்பே மேல். ஆனால் மருத்துவமனையில் இறந்தோரின் வயதுப் பங்கீட்டை அதன் மேல் அப்படியே போர்த்தாதீர்கள். வீட்டில் இறந்தோரின் வயது வேறாக இருக்கலாம். விபத்துகள் குறைந்ததால் ஏதேனும் ஒரு வயதுப் பிரிவில் வழக்கத்தைவிடக் குறைவானவர்களே இறந்து, கழித்தல் எண் வந்தால், அதைப் பூஜ்யமாக்காமல் அப்படியே கூட்டுங்கள்.