மந்திரவாதி கோப்பை கழுவலாமோ? ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உர்சுலா லெ குவின் எழுதின எர்த்சீ மந்திரவாதிக் கதைப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் முந்தி எழுதினதைப் பாத்திட்டுத்தான் தேடி வாங்கினனான். முதல் மூண்டும் ஒரு கிழமையில முடிஞ்சுது, நித்திரையே இல்லை. நாலாவதுக்கு மருதானைப் பழைய புத்தகக் கடையள் முழுக்க ஏறி இறங்கி கடைசியா 'டெஹானு' கிடைச்சு, ஆசையா வாசிச்சா... என்னக்கா இது? நிழலோட மல்லுக்கட்டின கெட், டிராகனோட கதைச்ச கெட், இதில ஆடு மேய்க்கிறார், கோப்பை கழுவுறார். பாதிப் புத்தகம் குசினியிலதான் நடக்குது. கடலும் இல்லை மந்திரமும் இல்லை. பெண்ணியம் கதைக்கோணும் எண்டா வேற புத்தகம் எழுதியிருக்கலாமே, எங்கட ஹீரோவைப் பிடிச்சு ஏன் உடைக்கோணும்? 18 வருசம் கழிச்சு வந்து தன்ட கதையைத் தானே பழுதாக்கிப் போட்டா. நான் புத்தகத்தைத் திரும்ப மருதானையிலயே குடுக்கப் போறன். பெயர் போட வேண்டாம்.

வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகன்

தம்பி,

முதல் ஒண்டைச் சொல்லிப் போடுறன், நானும் இதை முதல் தரம் பாதியில மூடி வைச்சனான். அப்ப எனக்கு இருபது, இருபத்தொண்டு வயசு. கெட்டின்ட குரு ஓகியன் செத்துப்போறார், கெட் டிராகன்ட முதுகில அரை உயிரோட வந்து இறங்குறார், சரி இனித் தொடங்கப் போகுது எண்டு நிமிர்ந்து இருந்தா மனுசன் படுத்த படுக்கை, எழும்பினாலும் ஒருத்தரோடயும் கதைக்கிறாரில்லை, இரண்டாவது புத்தகத்தில வந்த டெனார் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறா. என்ட கோபமும் உங்கட கோபம் மாதிரித்தான், இன்னும் கொஞ்சம் கூட எண்டும் சொல்லலாம், ஏனெண்டா நான் அப்ப பெண் பிள்ளையா இருந்துகொண்டே டெனாரில இல்லை, கெட்டிலதான் என்னை வைச்சுப் பாத்தனான். (வாசிக்காத ஆக்கள் இதோட நிப்பாட்டுங்கோ, கதை முழுக்கச் சொல்லத்தான் போறன்.)

ஆனா ஹீரோவை நாலாவது புத்தகம் உடைச்சது எண்டு எழுதியிருக்கிறீங்களே, அது பிழை. கெட்டை உடைச்சது மூண்டாவது, 1972ல வந்தது. செத்த ஆக்களின்ட உலகத்துக்கும் எங்கட உலகத்துக்கும் இடையில விழுந்த ஓட்டையை அடைக்க தன்னட்டை இருந்த சக்தி முழுக்க அதிலயே குடுத்திட்டார், ஒரு சொட்டும் மிச்சமில்லை, அதை லெ குவின் ஒளிவுமறைவில்லாமல்தான் எழுதியிருக்கிறா. ஆனா அதுக்குப் பிறகு டிராகனில ஏறிப் போறார், பேந்து அவருக்கு என்ன நடந்தது எண்டு இரண்டு விதமாச் சனம் சொல்லுது, படகில தனியக் கடலுக்குப் போனார் எண்டு ஒரு கதை, தன்ட சொந்தத் தீவான கோண்டின்ட மலைக்காட்டுக்குள்ள நடந்து போனார் எண்டு இன்னொரு கதை. எவ்வளவு வடிவா மூடியிருக்கிறா பாருங்கோ. அந்த வடிவில மயங்கி, சக்தி போன மனுசன் அடுத்த நாள் காலமை எழும்பி என்ன செய்வான் எண்டு நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லை. 1990ல அவ அதைத்தான் எழுதினா, அந்த அடுத்த நாள் காலமையை.

ஆடு மேய்க்கிறார் எண்டு வேற கவலைப்படுறீங்கள். முதல் புத்தகத்தின்ட முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கோ. அந்தப் பெடியன் தொடங்கினதே ஆட்டோடதானே! அவன் படிச்ச முதல் மந்திரமே ஆடுகளைக் கூப்பிடுற மந்திரம், அதுவும் சூனியக்காரியான தன்ட தாயின்ட சகோதரி சொல்லுறதைக் கேட்டுத்தான் பிடிச்சவன். அதுக்குக் கிட்டவே கோண்டில சொல்லுற பழமொழி எண்டு இரண்டு வரி வரும், பெண்ணின்ட மந்திரம் மாதிரிப் பலவீனம், பெண்ணின்ட மந்திரம் மாதிரிக் கெட்டது எண்டு. 1968ல லெ குவினே தன்ட கையால எழுதின வரி. நாங்கள் எல்லாரும் அதைத் தாண்டிப் போனனாங்கள், நான் உட்பட, கல்லுக் குத்தினதே தெரியாமல். அந்த இரண்டு வரிக்கு 22 வருசம் கழிச்சு அவவே மறுமொழி சொல்ல வந்தா எண்டுதான் நான் 'டெஹானு'வை வாசிக்கிறன், அதைச் சொல்ல வேற கதையில இடம் வராது, இந்தக் கதையிலதான் சொல்லோணும். மந்திரவாதியளின்ட பள்ளிக்கூடம் இருக்கிற ரோக் தீவில பெரிய மந்திரவாதியள் கூடி அடுத்த தலைவர் ஆர் எண்டு தெரியாமல் முழிக்கேக்க "கோண்டில ஒரு பெண்" எண்டு மட்டும் ஒரு சொல் கிடைக்குது, தேடி வந்த மனுசன் டெனாருக்கு முன்னாலயே இருந்துகொண்டு அந்தப் பெண் எங்களுக்கு ஒரு ஆம்பிளையைக் காட்டித் தருவா எண்ட மாதிரிக் கதைக்கிறார். இப்ப வாசிச்சா எனக்குச் சிரிப்பு வரும். இருபது வயசில வரேல்லை.

இடையில என்ன நடந்தது எண்டா, எங்கட பெரியப்பா. ஊரில அதிபரா இருந்தவர், அவர் றோட்டால போனா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கிற காலம். 95 ஒக்டோபர் கடைசியில யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டதோட அவரும் வெளிக்கிட்டு, அங்க இங்க இருந்து பேந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸ், ஒரு அறையும் ஒரு துண்டுக் குசினியும். பழைய மாணவர் ஆக்கள், நல்ல நிலையில இருக்கிற பெடியள், சேர் வந்திருக்கிறாராம் எண்டு பாக்க வருவினம். வாறினம் எண்டு தெரிஞ்சா மனுசன் பின் கதவால வெளிக்கிட்டு தண்டவாளத்தடியில போய் கடலைப் பாத்துக்கொண்டு நிப்பார், பெரியம்மாதான் தேத்தண்ணி குடுத்துச் சமாளிச்சு அனுப்புவா. அந்த நாளையில ஒரு பின்னேரம் அங்க இருந்துதான் நான் இந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தனான், எடுத்தா அரசன்ட ஆக்கள் முடிசூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வருகினம், கெட் வெட்கத்தில மலையில ஏறி ஒளிக்கிறார். நான் புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். பெரியப்பா பேந்து பேந்து வெங்காயம் உரிச்சார், திருவலையில இருந்து தேங்காய் திருவினார், பெரியம்மாவுக்கு அது முதல் கொஞ்ச நாள் பாக்கவே ஏலாமல் இருந்தது. டெனாரின்ட மகன் கடலால திரும்பி வந்து சாப்பிட்ட கோப்பையை அப்பிடியே விட்டிட்டு அது பொம்பிளையளின்ட வேலை எண்டு சொல்லுற இடம் இருக்கே, அதே குசினியிலதான் உலகத்திலயே பெரிய மந்திரவாதியா இருந்தவர் கோப்பை கழுவுறார். உங்களுக்குக் கோபம் வந்த அதே இடம்தான்.

அதுக்காக நல்ல புத்தகம், குறையே இல்லை எண்டு சொல்ல மாட்டன், அறிவியல் கதையளுக்கும் மாயக்கதையளுக்கும் குடுக்கிற நெபுலா பரிசு குடுத்தவை எண்டு அதைத் தூக்கிக் காட்டவும் மாட்டன். முடிவு எனக்கு இண்டைக்கும் ஒத்து வரேல்லை. டெனார் எடுத்து வளர்க்கிற, எரிஞ்ச முகத்தோட இருக்கிற அந்தப் பிள்ளை தெர்ரு, அதின்ட பயம், அதைத் தொடாமல் பாக்கிற சனம், இதையெல்லாம் அவ்வளவு பொறுமையா எழுதிக்கொண்டு வந்திட்டு, கடைசியில ஒரு கெட்ட மந்திரவாதி டெனாரையும் கெட்டையும் மந்திரத்தால கட்டி மலை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போக, பிள்ளை கூப்பிட, டிராகன் பறந்து வந்து எரிச்சு முடிக்குது. கொஞ்சப் பக்கத்தில எல்லாம் முடிஞ்சுது. பிள்ளைக்கும் டிராகனுக்கும் உள்ள தொடர்பை முன்னமே ஒரு விசிறியில கீறியிருக்கிற படத்தில சொல்லி வைச்சிருக்கிறா, அது சரி, ஆனா அந்த மந்திரவாதி வெறும் அட்டைப் பொம்மை, பெண்ணெண்டாலே பிடிக்காது எண்டதைத் தவிர அவனுக்குள்ள ஒண்டும் இல்லை. மந்திரம் இல்லாத கதை எண்டு ஏமாந்தீங்கள், நான் ஏமாந்தது கடைசியில மந்திரம் வந்து காப்பாத்தினதால. நடுவில டெனாரும் மற்ற ஆக்களும் ஆண் சக்தி பெண் சக்தி எண்டு கதைக்கிற சில இடத்தில எனக்கு கொட்டாவியும் வந்தது.

எழுதாமலே விட்டிருக்கலாம்தானே எண்டா, விட்டாலும் நாங்கள் விடமாட்டம். கல்கி 'பொன்னியின் செல்வன்' முடிச்சாப்போல அவருக்கு என்ன நடந்தது இவருக்கு என்ன நடந்தது எண்டு சனம் கேட்டு, மனுசன் முடிவுரையில ஒவ்வொண்டா மறுமொழி சொல்ல வேண்டி வந்ததே. லெ குவினும் 'டெஹானு'வில எர்த்சீயின்ட கடைசிப் புத்தகம் எண்டு போட்டிட்டு, 2001ல இன்னும் இரண்டு கொண்டு வந்தா, கடைசி எண்டு போட்டது தன்ட முட்டாள்தனம் எண்டு தானே சிரிச்சும் எழுதினா. அந்த இரண்டையும் நீங்கள் இப்ப வாசிக்க வேண்டாம், கோபம் ஆறட்டும்.

புத்தகத்தை மருதானைக்குக் கொண்டு போறதெண்டா முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, நானே வந்து வாங்கிறன். என்ட புத்தகத்தை பெரியம்மா கேட்டு வாங்கினவ, இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது எண்டிட்டு டிக்‌ஷனரியும் சேத்து வாங்கினவ, இன்னும் திரும்பி வரேல்லை.