எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைத் தொடாதீர்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 63. மகன் வாங்கித் தந்த 15.6 அங்குல லேப்டாப்பில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன. தெரிந்த கடைக்காரர் ஏதோ செய்து பெரிதாக்கினார். இப்போது எல்லாமே கலங்கலாகத் தெரிகிறது. திரையையே மாற்ற வேண்டும், ஆறாயிரம் ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: காசைப் பத்திரமாக வையுங்கள் ஐயா. கெட்டது திரை இல்லை, கடைக்காரர் பார்த்த வைத்தியம்தான். அவர் ரெசல்யூஷனை, அதாவது படத்தை வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்திருக்கிறார்.

உங்கள் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே பதித்தவை, கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1366 என்று மாற்றினால், 21 புள்ளி வைத்த வாசலில் 15 புள்ளிக் கோலத்தை இழுத்துப் போட்ட கதைதான். கோடு எந்தப் புள்ளியிலும் சரியாக உட்காராது. அதுதான் அந்தக் கலங்கல்.

டெஸ்க்டாப்பில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'கீப் சேஞ்சஸ்' என்று கேட்கும். 15 விநாடிக்குள் அழுத்தாவிட்டால் பழையபடி போய்விடும். எழுத்து மறுபடி சிறுத்துவிடும், பதறாதீர்கள். அதற்கு மேலேயே 'ஸ்கேல்' இருக்கிறது. அதை 125 ஆக்குங்கள், போதாவிட்டால் 150. ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

எழுத்து மட்டும் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் விண்டோஸ் கீயோடு யூ அழுத்துங்கள். விண்டோஸ் 11-இல் 'டெக்ஸ்ட் சைஸ்', 10-இல் 'மேக் டெக்ஸ்ட் பிக்கர்'. 225 சதவீதம் வரை நகர்த்தலாம். மவுஸ் அம்புக்குறியையும் அங்கேயே பெரிதாக்கலாம். 10-இல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்றிருந்த பகுதிக்கு 11-இல் 'ஆக்சஸிபிலிட்டி' என்று பெயர். வயதானவர்கள் தேடும் ஒரே வசதியை நாலு இடத்தில் பிரித்து வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயர்ப்பலகையையும் மாற்றினால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்?

ஒரு சிக்கல் வரலாம். ஸ்கேலைக் கூட்டியதும் பழைய மென்பொருள் ஏதாவது ஒன்று மட்டும் மங்கலாகத் தெரியும். பழைய தமிழ் டைப்பிங் மென்பொருள், கணக்கு மென்பொருள் போன்றவற்றில் இது சகஜம். அதற்காக எல்லாவற்றையும் திரும்ப 100-க்குக் கொண்டுபோய்விடாதீர்கள். அந்த மென்பொருளை மூடுங்கள். அதன் ஐகான் மேல் ரைட் கிளிக், 'புராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் வரியில் டிக் செய்து, பட்டியலில் 'சிஸ்டம் என்ஹேன்ஸ்டு' எடுங்கள். ஓகே கொடுத்துவிட்டு அந்த மென்பொருளைத் திறந்து பாருங்கள். சரியாகாவிட்டால் அதே பட்டியலில் வெறும் 'சிஸ்டம்'. அதுவும் ஒத்துவராவிட்டால் 'அப்ளிகேஷன்': எழுத்து சிறுக்கும், ஆனால் தெளிவாக இருக்கும். இந்த மாற்றம் அந்த ஒரு மென்பொருளை மட்டுமே பாதிக்கும்.

இணையதளங்களுக்கு கன்ட்ரோலும் பிளஸ்ஸும் போதும். சில விண்ணப்பத் தளங்களில் பெரிதாக்கியதும் 'சப்மிட்' பட்டன் திரைக்கு வெளியே ஓடி ஒளிந்துகொள்ளும். கட்டியவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது! கன்ட்ரோல் மைனஸ் அழுத்தி இழுத்து வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் குறையை இணையத்தில் தேடினால், 'டிஸ்ப்ளே டிரைவர் பழையது, உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று சிவப்பாக ஒரு பெட்டி குதிக்கலாம். அழைக்காதீர்கள். அழைத்தால் இனிமையாகப் பேசி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். அடுத்து வங்கிக் கணக்குதான். டிரைவர் என்பது திரையை இயக்கும் மென்பொருள்; அது விண்டோஸ் அப்டேட்டிலேயே இலவசமாக வரும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 'கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் தெளிவாகும்' என்று சொல்லும் கடைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து கண் வலி இருந்தால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். படிக்கும் கண்ணாடி புத்தகத்தைப் பிடிக்கும் தூரத்துக்குப் போட்டது, லேப்டாப் அதைவிடத் தள்ளி இருக்கும். கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கண் டாக்டரிடம் கொடுங்கள்.