எந்த அசைவு சொன்னபடி கேட்கிறது? – உதவிக் கருவிகள் கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: சார், என் மகனுக்குப் பெருமூளை வாதம், வயது 11. கீபோர்டில் கை வைத்தால் ஓர் எழுத்துக்குப் பத்து எழுத்து விழுகிறது. என்ன வாங்கலாம்?

வாங்குவதை அப்புறம் பார்ப்போம், அம்மா. விண்டோஸில் வலது ஷிப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். அதைப் போட்டுவிட்டால் கை பட்டதெல்லாம் எழுத்தாகாது. நின்று அழுத்தியது மட்டும் பதியும்.

அதுவும் சரிப்படவில்லையா? ஒரு வாரம் அவனையே கவனியுங்கள். முழங்கையா, கால் பெருவிரலா, தலைச் சாய்ப்பா, எது அவன் சொன்னபடி கேட்கிறது? ஒன்று போதும். ஒரு பையனுக்காகப் பழைய மவுஸைப் பிரித்தேன். இடது பொத்தானுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய உள்ளங்கை அகலப் பொத்தானோடு சேர்த்தேன். குட்டி சுவிட்சுக்கு மூன்று உலோகக் கால். அழுத்தும்போது சேர்கிற இரண்டில்தான் பற்றவைக்க வேண்டும். முதல் தடவை கால் மாறிப்போய், கிளிக்கே விழாமல் அரைநாள் விழித்தேன்! பிறகு விண்டோஸின் திரைக் கீபோர்டில் ஸ்கேன் முறையைப் போட்டு, தேர்வுக்கு மவுஸ் கிளிக் என்று குறித்தேன். வெளிச்சம் தானாக நகரும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் முழங்கையால் ஒரு தட்டு. வேகத்தைக் குறைத்தே தொடங்குங்கள்.

மேலூர் ஆசிரியை: என் மாணவிக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் செய்திகளை நன்றாக வாசிக்கிறது, வினாத்தாளை மட்டும் உளறுகிறதே?

வினாத்தாளைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பார்கள், டீச்சர். நம் கண்ணுக்கு ‘வணக்கம்’; உள்ளே இருப்பதோ டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. பாவம், அது உள்ளதைத்தான் வாசிக்கிறது. தமிழைத் தமிழாகவே பதிந்து வைக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். தாளைப் படம் பிடித்து அனுப்பினால் அந்த வழியும் அடைபடும்.

பொறியியல் மாணவர், மதுரை: அண்ணே, சைகை மொழியைப் பேச்சாக்கும் கையுறை செய்கிறோம். யோசனை சொல்லுங்கள்.

தம்பி, சைகை மொழியில் முகமும் புருவமும் உடம்பும் சேர்ந்து பேசும். கையுறைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? காது கேளாத எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? 1976-இல் நம் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரலுக்குத் தோதாகக் கருவியை அமைத்துக்கொண்டுதான் அறுவை சிகிச்சை செய்தார். உங்கள் கையுறை யாருடைய விரலுக்கு?

உசிலம்பட்டி வாசகர்: ஒரே கைதான். ஷிப்ட்டோடு இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த முடியவில்லை.

ஷிப்ட்டை 5 தடவை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வரும். ஒவ்வொன்றாக அழுத்தினால் போதும். நிறுத்தவும் அதே 5 தட்டு.