வளையும் நிப்பு ஏன் இரட்டைக் கோடு போடுகிறது?

கேள்வி: தை மாதம் மகளுக்குத் திருமணம். பத்திரிகைக் கவர்களில் முகவரி எழுதுவதற்காக வளையும் நிப்பு வைத்த மை பேனா வாங்கினேன். அழுத்தினால் நடுவில் வெள்ளை விட்டு இரண்டு மெல்லிய கோடுகள் விழுகின்றன. சில எழுத்துகளில் தாளையும் கீறுகிறது. நிப்பில் கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நிப்பின் மேல் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை.

அழுத்தும்போது நிப்பின் பிளவு விரிகிறது. அந்த இடைவெளியை மை நிரப்பினால் பட்டையான கோடு கிடைக்கும். மை வந்து சேருவதற்குள் கை ஓடிவிட்டால், நிப்பின் இரண்டு கால்களும் தனித்தனியாகக் கோடு போடும். ஆக, முதல் மருந்து நிதானம். அன்றாடம் எழுதும் வேகத்தில் பாதி போதும்.

அதற்கும் முன்னால் பேனாவைக் கழுவுங்கள். புதுப் பேனாவில் தொழிற்சாலை எண்ணெய்ப் பசை இருந்தால் மை ஒட்டாமல் நழுவும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் கட்டை எபோனைட் என்னும் கெட்டி ரப்பராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நிப்பையும் கட்டையையும் மட்டும் அரை நிமிடம் சுடுநீரில் காட்டி, இரண்டும் படிந்து நிற்கும்படி விரலால் அழுத்திப் பிடித்தால் இடைவெளி மூடும். பிளாஸ்டிக் கட்டைக்கு இது பலிக்காது. எபோனைட் உடலைச் சுடுநீரில் போட்டுவிடாதீர்கள், நிறம் மங்கிவிடும்.

கீறலுக்கு வருவோம். இது பெரும்பாலும் கையின் பழக்கம்தான். ‘ப’ எழுதிப் பாருங்கள். இடக்கோடு கீழே இறங்குகிறது, அங்கே அழுத்தலாம். அடிக்கோட்டில் கையைத் தளர்த்திவிட வேண்டும். பக்கவாட்டில் இழுக்கும்போது அழுத்தினாலும் பட்டை வராது. வலக்கோடு மேலே ஏறுகிறது. அங்கே அழுத்தம் இருந்தால் விரிந்த முனை தாளைக் குத்தும், நார் பிளவில் சிக்கிக்கொள்ளும். ‘ண’வின் சுழிகளிலும் அதே கதைதான். மேல்நாட்டுச் சாய்வெழுத்துக்குப் பிறந்த நிப்பு இது. நம் எழுத்தின் வளைவுகளில் அதற்கு வேலை குறைவு. ‘ட’, ‘ப’, ‘ம’ போன்றவற்றின் இறங்கு கோடுகளில் மட்டும் தடிமன் காட்டினாலே முகவரி எடுப்பாக இருக்கும். வலக்கைக்காரர் என்றால், கவரின் மேல்பக்கம் இடப்புறம் சாயும்படி வைத்து எழுதுங்கள். இறங்கு கோடு பிளவின் போக்கிலேயே வரும், இரண்டு கால்களிலும் அழுத்தம் சமமாக விழும்.

எவ்வளவு விரிக்கலாம்? இக்கால எஃகு நிப்பை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சோதித்துப் பார்க்காதீர்கள். எல்லை மீறி வளைந்த நிப்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

கவரும் முக்கியம். பளபளப்பான கவரில் மை காயாமல் இழுபடும். சொரசொரப்பான கைவினைத் தாளில் நார் சிக்கும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்த தாளில் மை ஊறிப் பரவும். கவர்களைக் கட்டோடு பாலித்தீன் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். எழுதும் முன் உபரிக் கவர் ஒன்றில் சோதித்துவிடுங்கள். இன்னொன்று: மஞ்சள் தடவுவதற்கு முன்பே முகவரிகளை எழுதி முடியுங்கள். உலர்ந்த மஞ்சள் தூள் பிளவுக்குள் போய்விட்டால் மை ஓட்டம் நின்றுவிடும்.

மைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண பேனா மையே போதும். கறுப்பு அடர்த்தியாக வேண்டும் என்று ஓவியத்துக்கான இந்தியன் இங்கை ஊற்றினீர்களோ, அது உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு மெதுவாக எழுதியும் கோடு பிரிந்தால், பூதக்கண்ணாடியில் நிப்பின் முனையைப் பாருங்கள். அழுத்தாத நிலையிலேயே இரண்டு கால்களும் மேலும் கீழுமாக நின்றால் அது கோளாறுதான். அப்போது கடைக்காரரிடம் தயங்காமல் மாற்றிக் கேட்கலாம்.