மொறிஸ் மைனருக்குள் ஜப்பான் இஞ்சின்

அன்புள்ள ஐயா,

கடந்த ஆடி மாதம் யாழ்ப்பாணம் வந்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு அருகில் வாடகைக்கு நின்ற ஒரு மொறிஸ் மைனரையும், திருநெல்வேலிச் சந்தையில் வாழைக்குலை கட்டியபடி நின்ற ஒரு பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிளையும் கண்டு சிறுபிள்ளை போல நின்றுவிட்டேன். கார்ச் சாரதி பெருமையோடு பொனற்றைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது ஜப்பான் டீசல் இஞ்சின். என் வியப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. இங்கே பழைய கார் கண்காட்சிகளில் ஒரு திருகாணி மாறியிருந்தாலே மதிப்பைக் குறைப்பார்கள். உள்ளும் புறமும் வெவ்வேறான ஒரு வாகனத்தைப் பழமை என்று ரசிப்பது சரிதானா? அதை வாங்கி அசல் இஞ்சினைப் பூட்டினால் என்ன என்றும் யோசிக்கிறேன்.

சி., ரொறன்ரோ

அன்புள்ள நண்பருக்கு,

பொனற்றைத் திறக்கும் முன் அதன் மேற்பரப்பை நீங்கள் கவனித்திருக்கலாம். நடுவில், முன்னிருந்து பின்னாக, சற்று உயர்ந்த தட்டையான பட்டை ஒன்று ஓடும். கார் உற்பத்திக்குப் போகவிருந்த வேளையில், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கே அகலம் போதவில்லை என்று தோன்றிவிட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். அதன் அடையாளம்தான் அந்தப் பட்டை. ஏற்கெனவே செய்து முடித்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடைவெளியை ஒரு தகட்டால் மூடினார்கள். 1948இல் இலண்டன் கண்காட்சிக்கு வந்தது இந்தக் கார்தான்.

இஞ்சினின் கதையும் அப்படித்தான். முதலில் இருந்தது மொறிஸின் 918 சி.சி. இஞ்சின். 1952இல் மொறிஸும் அதன் நெடுநாள் போட்டியாளரான ஒஸ்டினும் ஒரே நிறுவனமானதும், ஒஸ்டினின் 803 சி.சி. இஞ்சினைக் கொண்டுவந்து மைனருக்குள் வைத்தார்கள். 1956இல் 948, 1962இல் 1098 என்று அதுவும் பெருத்துக்கொண்டே போனது. பிற்காலத்து மைனர் என்றால், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலேயே அதற்குள் இருந்தது அடுத்த வீட்டுக்காரனின் இஞ்சின். பாண்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாக வந்த, டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வரைபடங்களை இடம் வலமாக மாற்றிச் செய்த வண்டி அது. கண்காட்சி நடுவர்கள் இதற்கெல்லாம் எத்தனை புள்ளி குறைப்பார்களோ தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் மிஞ்சியதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் கதவு திறந்தபின் ஜப்பான் வாகனங்கள் வந்து பழையவற்றை ஒதுக்கத் தொடங்கின. வடக்கில் அது நடந்து முடியும் முன்பே போர் வந்துவிட்டது. 1990இல் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வரவு நின்றபோது, வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருட்கலவை அமுக்கப்படும் அளவு) குறைந்த பழைய பிரித்தானிய இஞ்சின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து இஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பிளக்கில் கரி படியும், பேரிங்குகள் தேயும். மாற்றுவதற்கு உதிரிப்பாகமும் கிடையாது. அந்தக் காலத்தைக் கடந்த ஒரு காரில் இன்று வேறு இஞ்சின் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. நீங்கள் கண்ட காரின் இஞ்சின் எப்போது, ஏன் மாறியது என்பதைச் சாரதியிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்த முறை இஞ்சினின் பெயரை வாசித்துவிட்டுத் திரும்பாமல், சற்றுக் குனிந்து பாருங்கள். புதிய இஞ்சினைத் தாங்க வெட்டி வளைத்துப் பற்றவைத்த இரும்புத் தாங்கிகள், கியர்பெட்டிக்கு இடம்கொடுக்கத் தட்டி விரித்த தளத்தகடு என்று எந்தக் கைநூலிலும் இல்லாத வேலை அங்கே இருக்கும். எங்களூர்க் கராஜ்காரர்கள் கண் மதிப்பில் செய்தவை அவை. அந்தக் காரில் நான் முதலில் ரசிப்பது அவற்றைத்தான். அதற்காக எல்லா மாற்றத்தையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. கலியாண வாடகைக்கென்று அலோய் சில்லும் நீல வெளிச்சமும் பூட்டிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஓடவேண்டும் என்பதற்காகச் செய்ததையும் பகட்டுக்குச் செய்ததையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

அசல்தான் வேண்டும் என்றால் இலக்கத்தகட்டைப் பாருங்கள். ஈ.என்., ஈ.எல். போன்ற ஆங்கில எழுத்துகளா, சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தா என்பதிலேயே காரின் காலம் தெரிந்துவிடும். 1957 தொடக்கத்தில் அந்த ஸ்ரீ வந்தபோது தமிழர் அதை எதிர்த்துப் போராடினார்கள். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களில் அதன்மேல் தார் பூசினார்கள்.

வாங்கும் யோசனைக்கு வருகிறேன். மைனரின் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. காசிருந்தால் அசல் இஞ்சினும் அகப்படும். ஆனாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அது ஒரு வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஆசை விடாவிட்டால், ஓடாமல் வளவுக்குள் நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். விலை பேசுமுன் காரைத் தூக்கி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்புற முறுக்குக் கம்பிகள் பூட்டிய குறுக்குச் சட்டமும் பின்வில்லுகள் தொங்கும் இடமும் துருவேறியிருந்தால், எந்த இஞ்சின் இருந்தாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.