தோழமை காதலாக மாறும் இடம்: உங்கள் நாவலுக்கு ஒரு யோசனை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த உங்கள் நாயகியர் இருவரின் நட்பு, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திடீரெனக் காதலாகிவிடுவதாக வாசித்தவர்கள் சொன்னதை எழுதியிருந்தீர்கள். முத்தக் காட்சியைத் திருத்துவதால் இது சரியாகாது. காவடி எடுக்கும் தோழியின் அருகிலேயே தண்ணீர்ச் செம்புடன் நடந்துவருபவள், அந்தத் தோழியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டதும் மகிழ முடியாமல் போகும் தருணத்தை, காரணம் அவளுக்கே விளங்காதபடி, மூன்றாம் அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள். சட்டத்தைத் தடையாகக் காட்ட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2006 நவம்பர் முதல் இரு பெண்கள் மணந்துகொள்ளலாம். ஆகவே அச்சம் வீட்டாரிடமிருந்தும், அதைவிட அதிகமாக, இத்தனை ஆண்டு நட்பையே இழந்துவிடுவோமோ என்ற எண்ணத்திலிருந்தும் எழட்டும். அம்மாவைக் கொடியவளாக்கிவிடாதீர்கள், நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மிக உயிர்ப்புள்ளவர் அவர்தான்.